அத்தியாயம் 7: கட்டு முதலில், பூச்சு பிறகு

காமயகவுண்டன்பட்டியில் ஒரு வீட்டுக்கு வானம் தோண்டி நூல் பிடிக்கும் அன்றைக்கு, மேஸ்திரி வரைபடத்தை விரித்ததும் கேட்பார்: "தம்பி, பத்தடின்னு போட்டிருக்கே, இது கட்டுக்குக் கட்டா, பூச்சு போகவா?" செங்கல் முகத்திலிருந்து எதிர்ச் செங்கல் முகம் வரை பத்தடியா, பூச்சு வேலை முடிந்து நிற்கும் அறை பத்தடியா என்பது கேள்வி. உள்பூச்சு ஒரு பக்கத்துக்கு 12 மி.மீ. என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து 24 மி.மீ., ஏறக்குறைய ஒரு இஞ்ச். அலமாரிக்கு முன்கூட்டியே அளவு கொடுத்துச் செய்யச் சொன்ன வீட்டில் அந்த ஒரு இஞ்ச் பெரிய சண்டையாகிவிடும்.

ஆட்டோகேடில் இரண்டு கோடு இழுத்துச் சுவர் என்று பழகியவர்கள் இந்தக் கேள்வியைத் தளத்தில் வாயால் சமாளித்துவிடலாம். ரெவிட், ஆர்ச்சிகேட் போன்ற மென்பொருள்களில் சுவர் என்பது அடுக்குகளின் தொகுப்பு. வெளிப்பூச்சு, செங்கல், உள்பூச்சு, டைல்ஸ் எல்லாவற்றையும் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும். இரண்டு சுவர்கள் சந்திக்கும் இடத்தில் எந்த அடுக்கு எதை ஊடுருவிப் போகிறது, எது எங்கே நின்றுவிடுகிறது என்பதை மென்பொருளே தீர்மானிக்கிறது. நாம் சொன்ன விவரம் தவறாக இருந்தால் தீர்மானமும் தவறாகவே வரும். மூலையில் கோடுகள் குழம்பி நிற்பதைப் பார்த்ததும் பலர் சுவரின் முனையைப் பிடித்து இழுக்கிறார்கள், மேலே ஒரு வெள்ளைப் பட்டையை வைத்து மறைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோளாறு பெரும்பாலும் மூலையில் இருப்பதில்லை, சுவர் வகையை உருவாக்கிய சன்னலில் இருக்கிறது.

தளத்தில் வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். முதலில் தூண், பிறகு செங்கல் கட்டு, பிறகு பூச்சு, கடைசியில் டைல்ஸும் பட்டியும் பெயிண்டும். உள்சுவரின் செங்கல் வெளிச்சுவரின் செங்கலோடு நேரடியாகச் சேர்கிறது. நடுவே பூச்சு கிடையாது, ஏனென்றால் அப்போது பூச்சே போடப்படவில்லை. இந்த வரிசையை மென்பொருளுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்தால் சந்திப்புகளில் முக்கால்வாசி தானாகவே சுத்தமாகிவிடும். இந்த அத்தியாயத்தில் நாம் செய்யப்போவது அதைத்தான்.

நம் பயிற்சி வீடு

கம்பத்திலிருந்து கிழக்கே, சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று திராட்சைப் பந்தல்கள் நிறைந்த ஊர்களின் வரிசையில் காமயகவுண்டன்பட்டியும் ஒன்று. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளைகிற மண். பந்தலை ஒட்டி ஒரு மனை என்று வைத்துக்கொள்வோம். ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, ஒரு குளியலறை. ஆனி, ஆடியில் மேற்கு மலையிலிருந்து காற்றும் சாரலும் அடிக்கும் பக்கம் என்பதால் வெளிப்பூச்சு இரண்டு தடவையாகப் பூசி 20 மி.மீ.

முதல் வகை, வெளிச்சுவர்: வெளிப்பூச்சு 20, செங்கல் 230, உள்பூச்சு 12, மொத்தம் 262 மி.மீ. ஊர்ப் பேச்சில் ஒன்பது இஞ்ச் சுவர். இரண்டாவது, உள்சுவர்: பூச்சு 12, செங்கல் 115, பூச்சு 12, மொத்தம் 139. இது நாலரை இஞ்ச் சுவர். மூன்றாவது, குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள சுவர்: படுக்கையறைப் பக்கம் பூச்சு 12, செங்கல் 115, குளியலறைப் பக்கம் சொரசொரப்பான பூச்சு 15, டைல்ஸும் அதன் ஒட்டுப்பசையும் சேர்த்து 10, மொத்தம் 152.

செங்கல் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஐ.எஸ். 1077 தரநிலையில் 190 × 90 × 90 என்றும் 230 × 110 × 70 என்றும் அளவுகள் இருக்கின்றன. உங்கள் சூளைக் கல் எந்த அளவு என்று டேப்பை வைத்து அளந்து பார்த்த பிறகே சுவர் வகையை உருவாக்குங்கள். ஹாலோ பிளாக்கில் கட்டினால் அடுக்கின் அளவே மாறிவிடும்.

எந்த அடுக்குக்கு எந்த எண்

ரெவிட்டில் சுவரைத் தேர்ந்து, எடிட் டைப், பிறகு ஸ்ட்ரக்சர் வரிசையில் எடிட் அழுத்தினால் எடிட் அசெம்பிளி சன்னல் திறக்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஃபங்ஷன் என்ற கட்டம் உண்டு. அதில் அடைப்புக்குள் ஓர் எண் தெரியும்: ஸ்ட்ரக்சர் 1, சப்ஸ்ட்ரேட் 2, தெர்மல் அல்லது ஏர் 3, ஃபினிஷ் 1க்கு 4, ஃபினிஷ் 2க்கு 5. எண் சிறிதானால் அதிகாரம் பெரிது. எண் 1 உள்ள அடுக்கு, தன்னைவிடப் பெரிய எண் உள்ள அடுக்குகளை வெட்டிக்கொண்டு போய் எதிர்ச்சுவரின் எண் 1 அடுக்கோடு சேரும். எண் 5 உள்ள அடுக்கு எதையும் ஊடுருவாது, எதிரே வந்ததில் முட்டி நிற்கும்.

செங்கலுக்கு 1. வெளிப்பூச்சுக்கு 4. உள்பூச்சுக்கு 5. இரண்டு கோர் பவுண்டரி கோடுகளுக்கு நடுவே செங்கல் மட்டும் இருக்க வேண்டும், பூச்சுகள் அவற்றுக்கு வெளியே. இதைச் செய்துவிட்டு உள்சுவரை வெளிச்சுவரில் கொண்டுபோய் இணையுங்கள். உள்சுவரின் 115 மி.மீ. செங்கல் வெளிச்சுவரின் 12 மி.மீ. உள்பூச்சை வெட்டிக்கொண்டு 230 மி.மீ. செங்கலைத் தொடும். இரண்டு பக்கப் பூச்சும் உள்மூலையில் மடங்கி ஒரே கோடாகத் தொடரும். தளத்தில் நடப்பதும் இதேதான்.

இப்போது வேண்டுமென்றே ஒரு சோதனை. உள்சுவரின் செங்கலுக்கு ஃபினிஷ் 2 என்று கொடுத்துப் பாருங்கள். செங்கல் பூச்சு முகத்திலேயே நின்றுவிடும். வெளிச்சுவரின் பூச்சு, உள்சுவருக்குப் பின்னால் யாரும் போடாத இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சந்திப்பில் 115 மி.மீ. அகலமும் 3 மீட்டர் உயரமும் சேர்ந்து சுமார் 0.35 சதுர மீட்டர் பூச்சு கணக்கில் கூடிவிடும். பத்துச் சந்திப்பு உள்ள வீட்டில் மூன்றரை சதுர மீட்டர்.

எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் சந்திப்பின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு மட்டும் போக மறுக்கிறதா? மெட்டீரியல் பெயரைப் பாருங்கள். வெளிச்சுவரில் 'செங்கல்' என்றும், வேறொரு கோப்பிலிருந்து நகலெடுத்த உள்சுவரில் 'செங்கல் 2' என்றும் இருக்கும். எண் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறென்றால் ரெவிட் நடுவே கோடு போடும். போட வேண்டும்தான், ஏனென்றால் அதன் கண்ணுக்கு அவை இரண்டு பொருள்கள். பழைய கோப்புகளிலிருந்து சுவர் வகைகளைக் கொண்டுவரும் அலுவலகங்களில் இந்தச் சிக்கல்தான் அதிகம். வேலை தொடங்குமுன் மெட்டீரியல் பட்டியலைத் திறந்து, ஒரே பொருளுக்கு ஒரே பெயர் என்று சுத்தம் செய்துவிடுங்கள்.

சரிபார்க்கும்போது டீட்டெயில் லெவல் கோர்ஸ் என்று இருந்தால் அடுக்குகளே தெரியாது, எல்லாச் சந்திப்பும் அழகாகவே தோன்றும். ஃபைன் நிலைக்கு மாற்றி, தின் லைன்ஸைப் போட்டு, நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். தடித்த கோடு 12 மி.மீ. இடைவெளியையும் மறைத்துவிடும்.

மையக்கோடு

எனக்கு இந்த அத்தியாயத்திலேயே மிக முக்கியமாகத் தோன்றும் பகுதி இது. சுவர் வரையும்போது லொகேஷன் லைன் என்ற தேர்வு இருக்கிறது. ஒன்றும் மாற்றாவிட்டால் வால் சென்டர்லைன், அதாவது பூச்சோடு சேர்த்த மொத்தச் சுவரின் மையம். நம் வெளிச்சுவரில் வெளியே 20, உள்ளே 12. மொத்தச் சுவரின் மையமும் செங்கலின் மையமும் ஒன்றல்ல, 4 மி.மீ. விலகியிருக்கின்றன.

நாலு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள். தூண்களை கிரிட் கோட்டின் மேல் வைத்திருப்பீர்கள். 230 மி.மீ. தூணும் 230 மி.மீ. செங்கலும் ஒரே முகத்தில் நிற்க வேண்டியவை. சுவர் 4 மி.மீ. நகர்ந்ததும் தூண் ஒரு பக்கம் பூச்சுக்குள் துருத்தும், மறுபக்கம் செங்கலைவிட உள்வாங்கும். ஒவ்வொரு தூணிலும் இரண்டு சில்லுக் கோடுகள் தெரியும். அதைத் திருத்தப்போய் சுவரைக் கையால் நகர்த்தினால் எதிர்மூலை கெடும், அதை நகர்த்தினால் அடுத்தது கெடும்.

லொகேஷன் லைனை கோர் சென்டர்லைன் என்று மாற்றிவிட்டு வரையுங்கள். தளத்தில் மேஸ்திரி சுண்ணாம்பு போட்டுச் சென்டர் லைன் குறிப்பதும் தூணுக்கும் கட்டுக்கும்தான், பூச்சுக்கு இல்லை. வரைபடமும் தரையும் ஒரே கோட்டில் நிற்கும். நாளைக்கு வீட்டுக்காரர் முன்பக்கத்தில் எலிவேஷன் கல் பதிக்க ஆசைப்பட்டு வெளியே 30 மி.மீ. கூடினாலும் செங்கல் அசையாது, பூச்சுப் பக்கம் மட்டும் தடிக்கும். மேஸ்திரியின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது: அடித்தள வரைபடத்தில் அளவுகளை கோர் முகத்திலிருந்து கோர் முகத்துக்குக் கொடுத்து, 'கட்டுக்குக் கட்டு' என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள். உள் அலங்கார வரைபடத்தில் பூச்சு முகத்திலிருந்து கொடுங்கள். ஒரே தாளில் இரண்டையும் கலக்கக் கூடாது.

கான்கிரீட் தூண் சுவருக்குள் நிற்கும் இடத்தில் ஜாயின் ஜியாமெட்ரி கொண்டு இரண்டையும் இணையுங்கள். எது எதை வெட்டுகிறது என்பது தலைகீழாக வந்தால் ஸ்விட்ச் ஜாயின் ஆர்டர் இருக்கிறது. தூண் செங்கலை வெட்ட வேண்டும், பூச்சு தூணின் மேல் தொடர வேண்டும். தளத்தில் இந்த இடத்தில்தான் பூச்சில் நேர்கோடாக வெடிப்பு விடும். கான்கிரீட்டும் செங்கலும் சேரும் கோட்டின் மேல் கோழிவலைக் கம்பி அடித்துவிட்டுப் பூசச் சொல்லி ஒரு குறிப்பு போடுங்கள். மாதிரியில் சந்திப்பு சுத்தமாக இருந்தால் அந்தக் குறிப்பை எங்கே நிறுத்துவது என்பது தெளிவாகத் தெரியும்.

குளியலறை

நேர்ச்சுவர் ஒன்று, ஒரு அறையில் பூச்சோடும் அடுத்த அறையில் டைல்ஸோடும் போகும் இடம் எல்லோரையும் படுத்துகிறது. வெளிச்சுவர் படுக்கையறையைத் தாண்டிக் குளியலறைக்குள் போகிறது. படுக்கையறையில் உள்பூச்சு 12. குளியலறையில் 15ம் 10ம் சேர்ந்து 25. இரண்டு வகைச் சுவர் தேவை, 262 ஒன்று, 275 ஒன்று. ஸ்பிளிட் எலிமென்ட் கொண்டு சுவரை எங்கே வெட்டுவது?

குளியலறைத் தடுப்புச் சுவரின் செங்கல் மையத்தில் வெட்டுங்கள். இரண்டு வகைகளுக்கும் நடுவே உட்பக்கத்தில் 13 மி.மீ. படி விழும். அந்தப் படி தடுப்புச் சுவரின் 115 மி.மீ. செங்கல் உள்ளே நுழையும் இடத்தில் விழுந்து காணாமல் போய்விடும். கோர் சென்டர்லைனில் வரைந்திருப்பதால் இரண்டு துண்டுகளின் செங்கலும் ஒரே நேரில் நிற்கும். குளியலறையின் நான்கு சுவர்களிலும் அடுக்குகளின் வரிசையும் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும்: சொரசொரப்புப் பூச்சுக்கு 4, டைல்ஸுக்கு 5. ஒன்றில் மட்டும் டைல்ஸை 4 ஆக்கினால் அது மூலையில் பக்கத்துச் சுவரின் டைல்ஸைக் கிழித்துக்கொண்டு போகும்.

டைல்ஸ் ஏழடி உயரம் மட்டும், மேலே வெறும் பூச்சு என்றால் எடிட் அசெம்பிளியில் பிரிவியூவைத் திறந்து, செக்‌ஷன் வியூவுக்கு மாற்றி, ஸ்பிளிட் ரீஜியன் கொண்டு அந்த அடுக்கை உயரத்தில் பிரிக்கலாம். பலர் டைல்ஸுக்கென்று 10 மி.மீ. தனிச்சுவர் ஒன்றை ஒட்டி வரைகிறார்கள். சமையலறை மேடைக்கு மேல் இரண்டடி டைல்ஸ் போன்ற சிறிய இடங்களுக்கு அது எளிது. ஆனால் அந்த மெல்லிய சுவர் பக்கத்துச் சுவரைக் கண்டதும் தானாகப் போய் ஒட்டிக்கொண்டு மூலையைக் கெடுக்கும். அதன் இரண்டு முனையிலும் வலது சொடுக்குப் போட்டு டிஸ்அலோ ஜாயின் கொடுத்துவிட்டு, முதன்மைச் சுவரோடு ஜாயின் ஜியாமெட்ரி செய்யுங்கள். அப்போதுதான் சன்னல் துளை அதிலும் விழும்.

கோணல் மனை

வாய்க்காலையும் வண்டிப்பாதையையும் ஒட்டிப் பிரிந்த மனைகளுக்குச் செங்கோண மூலை கிடைப்பது அரிது. பக்கத்துச் சுவரை எல்லையை ஒட்டியே எழுப்பினால் 60 பாகை மூலை ஒன்று வந்து நிற்கும். மாடிஃபை பட்டையில் வால் ஜாயின்ஸ் கருவியைத் தேர்ந்து மூலையில் சுட்டியை வையுங்கள், ஒரு சதுரம் தோன்றும். சொடுக்கினால் மேலே பட், மைட்டர், ஸ்கொயர் ஆஃப் என்று மூன்று வழிகள்.

பட் என்றால் ஒரு சுவர் முழுதாகப் போக, மற்றது அதில் முட்டும். நெக்ஸ்ட் அழுத்தினால் எது போவது, எது முட்டுவது என்பது மாறும். மைட்டர் என்றால் மூலைக்குக் குறுக்கே சாய்வாக வெட்டு விழும். 60 பாகை மூலையில் 230 மி.மீ. செங்கலின் சாய்வு வெட்டு 460 மி.மீ. நீளம். திரையில் அழகாகத்தான் இருக்கும். கொத்தனாரால் அந்தக் கூரான நுனியைச் செங்கலில் வெட்டி நிறுத்த முடியாது. நிறுத்தினாலும் முதல் வண்டி உரசியதும் பெயர்ந்துவிடும். இந்த மாதிரி மூலைக்கு ஸ்கொயர் ஆஃப் கொடுத்து நுனியை மழுங்கடியுங்கள். செங்கோண மூலையில் அந்த வழி கிடைக்காது, தேவையும் இல்லை. செங்கோணத்தில் கொத்தனார் ஒரு வரிசையில் இந்தச் சுவரை நீட்டி, அடுத்த வரிசையில் அந்தச் சுவரை நீட்டிக் கட்டுகிறார் என்பதால் பட், மைட்டர் எதைப் போட்டாலும் குற்றமில்லை. வீடு முழுவதும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள்.

எலிப்பொறிக் கட்டு

கம்பத்திலிருந்து மலையேறினால் குமுளி, அங்கிருந்தே இடுக்கி. அந்த இடுக்கி மலையில் வாகமண்ணில் 1960களில் வாழ்ந்து, பிறகு திருவனந்தபுரத்துக்குப் போன லாரி பேக்கர் பரப்பிய கட்டு முறை எலிப்பொறிக் கட்டு. செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, வெளியே ஒரு வரி, உள்ளே ஒரு வரி, நடுவே வெற்றிடம். ஒன்பது இஞ்ச் சுவர்தான், ஆனால் செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம். நடுவிலுள்ள காற்று வெயிலையும் தடுக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் இந்த முறையில் கட்ட விரும்பி வருகிறவர்களுக்கு நான் மனதார ஊக்கம் சொல்வேன்.

மூன்று இஞ்ச் கனமுள்ள கல்லாக இருந்தால் மென்பொருளில் செங்கல் 75, காற்று 80, செங்கல் 75. செங்கல் இரண்டுக்கும் எண் 1, காற்றுக்கு 3. மூன்றும் கோர் பவுண்டரிக்குள் இருக்க வேண்டும். மூலையில் வெளிவரி வெளிவரியோடும் உள்வரி உள்வரியோடும் சேரும். உள்சுவர் வந்து முட்டும் இடத்தில் அதன் செங்கல் உள்வரியோடு நின்றுவிடும். ஆனால் உண்மையான சுவரில் இரண்டு வரிகளையும் கட்டிப்போடக் குறுக்குக் கற்கள் உண்டு, மூலைகளும் கதவு சன்னல் ஓரங்களும் கெட்டியாகவே கட்டப்படும். அந்த ஓரங்களுக்கு 230 மி.மீ. கெட்டிச் சுவர் வகையைத் தனியாக வரையுங்கள். குறுக்குக் கற்களை மாதிரியில் காட்ட வேண்டாம். செங்கல் எண்ணிக்கையை மட்டும் தளத்தில் ஒரு சதுர மீட்டர் கட்டிப் பார்த்து எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற மென்பொருள்கள்

ஆர்ச்சிகேட் பயன்படுத்துகிறவர்களுக்கு எண் அடுக்கில் இல்லை, பொருளில் இருக்கிறது. 2013இல் வந்த 17ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு கட்டுமானப் பொருளுக்கும் 0 முதல் 999 வரை ஒரு சந்திப்பு முன்னுரிமை உண்டு. ரெவிட்டுக்கு நேர் எதிராக இங்கே பெரிய எண்தான் பலம். கான்கிரீட்டுக்கு அதிகம், செங்கலுக்கு அதற்குக் கீழ், பூச்சுக்கு இன்னும் கீழ். இரண்டு சுவர்களின் ரெஃபரன்ஸ் லைன்கள் ஒன்றையொன்று தொட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். லேயர்களின் இன்டர்செக்‌ஷன் எண் வேறாக இருந்தாலும் சுவர்கள் சேராது.

பணம் கட்டி வாங்க முடியாதவர்களுக்கு ஃபிரீகேட் இருக்கிறது. 2024 நவம்பரில் வெளியான 1.0 பதிப்பில் பிம் பணிமேடை உள்ளேயே வருகிறது. மல்டி-மெட்டீரியலில் ஓர் அடுக்குக்கு 0 கனம் கொடுத்தால் மீதிக் கனத்தை அது எடுத்துக்கொள்ளும், கழித்தல் குறி போட்ட கனம் வெற்றிடமாகும். வெளிச்சுவர் முழுவதையும் ஒரே தொடர்கோட்டின் மேல் எழுப்புங்கள், மூலைகளில் அடுக்குகள் தாமாக மடங்கும். துண்டுதுண்டாக வரைந்தால் ஒவ்வொரு மூலையையும் கையால் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

பழைய வீட்டோடு புதுச் சுவர்

ஏற்கெனவே இருக்கும் வீட்டை ஒட்டி ஓர் அறை கூட்டிக் கட்டும்போது, பழைய சுவரில் கற்களைப் பெயர்த்துப் புதுக் கட்டை உள்ளே கடித்துப் பிடிக்கவிடுகிறாரா, சும்மா ஒட்டிக் கட்டி இடைவெளி விடுகிறாரா என்று மேஸ்திரியிடம் கேட்டுவிட்டே வரையுங்கள். கடித்துக் கட்டினால் சந்திப்பை மென்பொருள் போக்கிலேயே விடுங்கள். அப்போதும் புதுச் செங்கல் பழைய பூச்சைத் தாண்டி உள்ளே போக வேண்டும், தளத்தில் அந்த அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுப்பார்கள். இடைவெளி விட்டால் புதுச் சுவரின் முனையில் டிஸ்அலோ ஜாயின் கொடுத்து, இடைவெளியை அளவோடு காட்டுங்கள். சேராத இரண்டு சுவர்களைச் சேர்ந்ததாகக் காட்டும் வரைபடம் பார்க்க எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தவறான வரைபடம்தான்.

கணக்குப் பார்ப்பது

எல்லாம் முடிந்ததும் மெட்டீரியல் டேக்ஆஃப் எடுத்து, ஒரே ஓர் அறையைக் கையாலும் கணக்குப் பாருங்கள். கட்டுக்குக் கட்டு பத்தடிச் சதுர அறை என்றால் பூச்சு போக 3.024 மீட்டர். நான்கு சுவர், 3 மீட்டர் உயரம்: 36.29 சதுர மீட்டர். கதவு, சன்னலைக் கழித்த பிறகு வரும் எண் மென்பொருள் சொல்வதோடு ஒத்துப்போனால் அந்த அறையின் சந்திப்புகள் சரி. கூடுதலாக இருந்தால் எங்கோ ஒரு பூச்சு செங்கலுக்குப் பின்னால் ஓடுகிறது.

இந்த எண்ணையே அப்படியே பூச்சு பில்லுக்கு எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். ஐ.எஸ். 1200இன் அளவீட்டு முறைப்படி 0.5 சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்பைக் கழிப்பதில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரண்டு பக்கமும் ஒரே பூச்சாக இருந்தால் ஒரு பக்கத்துக்கு மட்டுமே கழிப்பார்கள், ஓரப் பூச்சைத் தனியாகச் சேர்ப்பதும் இல்லை. மென்பொருளோ இரண்டு பக்கமும் கழிக்கும். 0.9க்கு 2.1 மீட்டர் கதவு ஒன்றுக்கு 1.89 சதுர மீட்டர் வித்தியாசம். ஒப்பந்தத்தில் எந்த முறை எழுதியிருக்கிறது என்று பார்த்து, அட்டவணையில் அதற்கென்று தனியாக ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள்.

தளத்துக்குக் கொடுக்கும் தாள்களில் மூன்று சந்திப்புகளை மட்டும் 1:20 அளவில் பெரிதாக்கிக் கொடுங்கள்: உள்சுவர் வெளிச்சுவரில் சேரும் இடம், தூண் நிற்கும் மூலை, குளியலறைத் தடுப்பு வெளிச்சுவரைத் தொடும் இடம். ஒவ்வொன்றிலும் செங்கல் முகத்துக்கு ஓர் அளவு, பூச்சு முகத்துக்கு ஓர் அளவு. எழுத்து தமிழில் இருக்கட்டும்.